பரணிலிருந்து இறங்கிய பாட்டுப்பெட்டி: விற்கலாமா, பாட வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். செண்பகத்தோப்பு போகும் வழியில் மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. தோப்பு வீட்டுப் பரணை ஒதுக்கியபோது, தாத்தா காலத்து கிராமபோன் ஒன்று கிடைத்தது. சூட்கேஸ் மாதிரி கைப்பிடி போட்ட கறுப்புப் பெட்டி. மூடிக்குள் நாய் படம். கூடவே ஒரு கட்டு இசைத்தட்டுகள். சிலவற்றில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சாவி கொடுத்தால் உள்ளே ‘தொம்’ என்று ஏதோ இடிக்கிறது. பாட்டு இழுத்து இழுத்து வருகிறது, ஒரு கரகரப்பும் இருக்கிறது. அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. குழந்தையாக இருந்தபோது அந்தப் பெட்டியைத் தோப்புக்கும் செண்பகத்தோப்பு ஓடைக்கரைக்கும் தூக்கிப்போய்ப் பாட்டுக் கேட்டதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய சாமான் வியாபாரி ஒருவர், “பெட்டி பழசாகிவிட்டது, உள்ளே இருக்கும் மோட்டாரை மட்டும் கொடுங்கள், பித்தளைக் குழாய் வைத்த புது கிராமபோனில் மாட்டிக்கொள்கிறேன்” என்று கேட்கிறார். கொடுக்கலாமா? இதைச் சரிசெய்ய முடியுமா? இன்னும் சில பெட்டிகளைச் சேர்க்கவும் ஆசை வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? அம்மாவைச் செண்பகத்தோப்புக்கு அழைத்துப்போய் அங்கே ஒரு பாட்டு வைத்துக் காட்டலாமா? சவுண்ட் பாக்ஸில் 16 என்று எண் இருக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: மோட்டாரைக் கொடுத்துவிடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம்; இதற்கு மட்டும் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களிடம் இருப்பது எச்.எம்.வி. 102. சாவி கொடுத்துப் பாடவைக்கும் கையடக்கப் பெட்டிகளில் உலகெங்கும் நல்ல பெயர் வாங்கியது. 1931-இல் வெளிவந்து 1950களின் பிற்பகுதி வரை தயாரிப்பில் இருந்தது. அதற்கு முன் அதே நிறுவனம் 1925 முதல் 1931 வரை விற்ற பெட்டி 101. இரண்டையும் பிரித்தறிய சவுண்ட் பாக்ஸ் எண் உதவும். பாடும் கையின் நுனியில் ஊசி மாட்டும் வட்டமான உறுப்புதான் சவுண்ட் பாக்ஸ். 101-இன் தொடக்கப் பெட்டிகளில் 4-ஆம் எண். அதில் அதிரும் தகடு ஒளி ஊடுருவும் மைக்கா. 102-இல் 5ஏ, 5பி, 16 ஆகிய எண்கள் வந்தன. இவற்றில் தகடு மெல்லிய அலுமினியம். உங்கள் பெட்டியில் கையும் சவுண்ட் பாக்ஸும் தட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாகப் படத்தில் தெரிகின்றன. முன் மூலையில் வெளியே திரும்பும் ஊசிக்கிண்ணம்கூட அப்படியே இருக்கிறது. எதுவும் மாற்றப்படாத பெட்டி கிடைப்பது அரிது.

வியாபாரி கேட்பதன் பின்னணி இதுதான். சுற்றுலாப் பயணிகள் வாங்கும் கடைகளில் எண்கோண மரப்பெட்டியும் பளபளக்கும் பித்தளைக் குழாயுமாக நிற்கும் ‘பழைய’ கிராமபோன்களில் பெரும்பாலானவை அண்மையில் செய்தவை. குழாய் புதிது, பெட்டி புதிது, மேலே ஒட்டிய நாய் படத் தகடும் புதிது. சுருள்வில் மோட்டாரைப் புதிதாகச் செய்வதுதான் கடினம். அதனால் உங்களுடையதைப் போன்ற அசல் பெட்டிகளைப் பிரித்து மோட்டாரை எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சிய மரமும் சவுண்ட் பாக்ஸும் குப்பைக்குப் போகின்றன. முக்கால் நூற்றாண்டு கடந்து முழுசாக வந்த ஒரு பொருளைக் கலைத்து, நன்றாகப் பாடக்கூடத் தெரியாத போலி ஒன்றைச் செய்யும் வேலை இது. இதற்கு நாம் துணைபோகக் கூடாது.

பெட்டி பாடும் விதம்

சரிசெய்வதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் பேச அது உதவும்.

நீங்கள் கொடுக்கும் சாவி, உருளைக்குள் சுருட்டி வைத்திருக்கும் பல அடி நீள எஃகு நாடாவை இறுக்குகிறது. அது விரியும் விசை பற்சக்கரங்கள் வழியே தட்டைச் சுழற்றுகிறது. விட்டால் அது வெறியோடு சுழன்று நொடியில் தீர்ந்துவிடும். தடுப்பது கவர்னர். மெல்லிய தகடுகளில் மாட்டிய மூன்று சிறு குண்டுகள் ஒரு தண்டைச் சுற்றி வரும். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும். அப்போது ஒரு வட்டு இழுபட்டு, தோல் அல்லது ஃபெல்ட் துண்டில் உரசி, வேகம் மட்டுப்படும். கிராமபோனைக் கண்டுபிடித்த பெர்லினரின் பெட்டியைக் கையால் சுற்றிக்கொண்டே கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1896-இல் அமெரிக்க மெக்கானிக் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அதற்கு நல்ல சுருள்வில் மோட்டார் செய்து கொடுத்த பிறகுதான் அது வீட்டுக்கு வரத்தக்க கருவியானது.

ஊசி இசைத்தட்டின் பள்ளத்தில் நடுங்குகிறது, நடுக்கம் அலுமினியத் தகட்டுக்கு ஏறுகிறது, தகடு காற்றை அசைக்கிறது, அந்த ஒலி பெட்டிக்குள் மடிந்து கிடக்கும் குழாய் வழியே பெருகி, திறந்த மூடியில் மோதி வெளியே வருகிறது. மின்சாரம் எங்குமே இல்லை. மின்கம்பம் வராத தோப்பு வீட்டிலும் உங்கள் தாத்தாவால் பாட்டுக் கேட்க முடிந்ததற்கு இதுவே காரணம். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்கு பிரிட்டிஷ் சிப்பாய்கள் தூக்கிப்போனதும் இந்த வகைப் பெட்டியைத்தான். 1914-இல் லண்டனில் வெளிவந்த டெக்கா கையடக்கப் பெட்டி அப்படித்தான் புகழ் பெற்றது.

மூன்று கோளாறுகள், மூன்று வைத்தியங்கள்

‘தொம்’ என்ற இடி: சுருள்வில்லுக்கு இட்ட கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கிறது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திடீரென்று விடுபடும்போது எழும் சத்தம் அது. உருளையைத் திறந்து வில்லை வெளியே எடுத்து, துடைத்து, கிராஃபைட் கலந்த கிரீஸ் போட வேண்டும். இதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். கட்டுக்குள் இருக்கும் எஃகு நாடா சீறி வெளியே வந்தால் விரல் போகும். சுவர்க் கடிகாரம் பழுது பார்த்த அனுபவமுள்ள மூத்த மெக்கானிக்குகள் மதுரை, ராஜபாளையம் பக்கம் இன்னும் இருப்பார்கள். பழைய கடிகாரக் கடைகளில் விசாரியுங்கள். “இதற்கு முன் கிராமபோன் ஸ்பிரிங் திறந்திருக்கிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இழுத்துப் பாடுவது: அச்சுகளில் எண்ணெய் வற்றியிருக்கலாம். தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டுகள் தண்டு முனைகளுக்கும், ஒரு சொட்டு கவர்னரின் தோல் துண்டுக்கும் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது கெட்டிப்பட்டு இருப்பதையும் பிடித்துக்கொள்ளும். பிறகு வேகத்தைச் சரிபாருங்கள். இசைத்தட்டுக்கு அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு காகிதத் துண்டை வைத்து, பாட்டு ஓடும்போதே எண்ணுங்கள். 20 நொடியில் 26 சுற்று வந்தால் நிமிடத்துக்கு 78, சரி. ஊசி பள்ளத்தில் இருக்கும்போதுதான் எண்ண வேண்டும், வெறும் தட்டில் எண்ணினால் கணக்கு தப்பும். வேகம் பிசகினால் சுருதியும் பிசகும். 78-க்குப் பதில் 83-ஐ ஒட்டி ஓடினால் பாடகரின் குரல் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். உச்சஸ்தாயிக்குப் பேர்போன நாடகக் குரல்களுக்கு இது செய்யும் அநியாயம் சின்னதல்ல.

கரகரப்பு: சவுண்ட் பாக்ஸில் தகட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் இறுகிக் கல்லாகியிருக்கும். மென்மையான புது ரப்பர் குழாய் வைத்து மாற்றினால் குரல் தெளியும். தகட்டை விரலால் தொடவோ அழுத்தவோ கூடாது. சில பழைய சவுண்ட் பாக்ஸ்களின் உடல் துத்தநாகக் கலவையில் வார்த்தது. காலப்போக்கில் அந்த உலோகம் வீங்கி வெடிக்கும். விரிசல் தெரிந்தால் திருகாணியை முறுக்காமல் அப்படியே விடுங்கள்.

கேட்டு முடித்ததும் மீதமிருக்கும் முறுக்கை ஓடவிட்டுத் தீர்த்துவிடுங்கள். முறுக்கேறிய வில்லை மாதக்கணக்கில் அப்படியே வைத்தால் களைத்துப் போகும்.

ஊசியில் கஞ்சத்தனம் கூடாது

எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. இது பழைய கம்பெனிக்காரர்கள் வியாபாரத்துக்காகச் சொன்ன கதை என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் வேறு. 78 சுழற்சித் தட்டு அரக்கில் செய்தது. அதோடு கல்பொடியும் கலந்திருக்கும். அந்தப் பொடி ஊசியின் நுனியைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும். பாட்டு முடியும்போது நுனி உளியாகியிருக்கும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் அது பள்ளத்தைச் செதுக்கும். டப்பாவில் கிடந்த பழைய ஊசிகளைப் பயன்படுத்த வேண்டாம். எது புதிது, எது பாடி முடித்தது என்று சொல்ல முடியாது. நாய் படம் போட்ட அந்தத் தகர டப்பாவை மட்டும் பத்திரப்படுத்துங்கள், அதைத் தனியே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

சாவிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு கிடையாது. தடித்த ஊசி உரக்கப் பாடும், மெல்லிய ஊசி தணிந்து பாடும். உங்கள் வீட்டுக்கு மெல்லியது போதும். தட்டுக்கும் அது நல்லது.

1948-க்குப் பின் வந்த வினைல் எல்.பி. தட்டு எதையும் இதில் வைக்கக் கூடாது. இந்தக் கை நூறு கிராமுக்கும் மேலான எடையோடு ஊசியை அழுத்துகிறது. வினைலின் மெல்லிய பள்ளம் ஒரே ஓட்டத்தில் அழிந்துவிடும்.

இசைத்தட்டுகள்: பெட்டியைவிட அவசரமானவை

102 இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. உங்கள் கட்டில் இருக்கும் ஏதோ ஒரு தட்டுக்கு இணை எங்குமே இல்லாமல் இருக்கலாம். அதனால் முதலில் பட்டியல் எழுதுங்கள்: கம்பெனி, எண், பாடியவர், பாட்டின் பெயர், இரண்டு பக்கமும். எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், ட்வின் என்று பெயர்கள் வரும். ஓடியன் தட்டுகளைச் சென்னையில் பரப்பியதில் சரஸ்வதி ஸ்டோர்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர்தான் ஏ.வி. மெய்யப்பன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926-இல், பத்து வயதை ஒட்டி வெளிவந்தது. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வந்தது 1931-இல்தான். அதற்கு முன்னமே நாடக மேடையின் குரல்கள் தட்டில் ஏறி வீடுகளுக்கு வந்துவிட்டன.

உங்கள் ஊர் வழியே தென்காசிப் பக்கம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது செங்கோட்டை. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் ஊர் அது. 1933-இல், இருபத்தேழு வயதில் இறந்துபோனார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அந்தக் குரலுக்கு இன்று சாட்சி அரக்குத் தட்டுகள் மட்டுமே. அவருடைய மனைவியும் நாடகப் பாடகியுமான கே.பி. சுந்தராம்பாளின் இளமைக்காலப் பாட்டுகளுக்கும் அவையே ஆதாரம். உங்கள் கட்டில் அப்படி ஒரு தட்டு இருந்தால், அதைச் சாவிப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் குரலின் ஒரு பொடியைத் தேய்த்துக்கொண்டு போகிறது. 78-க்கான ஊசி பொருத்திய மின்சார டர்ன்டேபிளில் ஒருமுறை ஓட்டிக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். அந்த ஊசி எல்.பி. ஊசியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம்; அழுத்தம் சில கிராம்தான். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சு நூல்களோடு இசைத்தட்டுகளையும் போற்றும் இடம். பட்டியலோடு அவர்களுக்கு எழுதலாம்.

பூஞ்சைக்கு: வெதுவெதுப்புக்கூட இல்லாத சாதாரண சுத்தமான தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, மெத்தென்ற துணி. பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. உடனே துடைத்து நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் ஆகாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் புதுக் காகித உறையிலிட்டு, புத்தகம் அடுக்குவது மாதிரி நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டில் விரிசல் விடும். விரிசல் விட்டதைப் பாடவைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டுகளை விட்டுவைத்தால் உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அரக்கு இளகி வளைந்துவிடும்.

பெட்டியைத் தோப்பு வீட்டில் வைக்காமல் ஊர் வீட்டில் வையுங்கள். மலையடிவாரத்து ஈரம், ஐப்பசி கார்த்திகை மழை, கறையான் மூன்றும் அதற்கு எதிரிகள். ரெக்சினுக்கு உள்ளே இருப்பது மரம். தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகை மேல் வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளே வேர்த்துத் துரு ஏறும். பருத்தித் துணி போதும்.

இன்னும் சேர்க்க ஆசைப்பட்டால்

எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். கையடக்கப் பெட்டியின் கதையைச் சொல்ல நான்கைந்து போதும். உங்களிடம் 102 இருக்கிறது. அதற்கு அண்ணனான 101 ஒன்று. போட்டிக் கம்பெனியான கொலம்பியாவின் பெட்டி ஒன்று. ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த சிறு பெட்டி ஒன்று. அந்த நாட்டின் தோரன்ஸ் கம்பெனி எக்செல்டா என்ற பெயரில் கேமரா அளவில் ஒன்று செய்தது. அதே நாட்டில் செய்யப்பட்ட மிக்கிஃபோன் சட்டைப்பை அளவுக்கு மடங்கும். இவை கிடைப்பது கடினம், ஆனால் தேடுவதற்கு இலக்கு வேண்டும் அல்லவா?

வாங்கும்போது சாவி கொடுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வில் அறுந்திருக்கிறது. பாடும் கை அடிப்பகுதியில் ஆடுகிறதா, சவுண்ட் பாக்ஸ் அந்தப் பெட்டிக்கு உரியதா, மோட்டார் பலகையில் தேவையில்லாத திருகாணித் துளைகள் இருக்கின்றனவா, அடியில் கறையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள். புது பெயின்டும் புது நாய் ஸ்டிக்கரும் மின்னினால் ஒதுங்கிவிடுங்கள். தேய்ந்த ரெக்சின் குறையல்ல. அதை உரித்துப் புதுசு ஒட்டுவதுதான் குறை.

சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. பழைய புத்தகமும் இசைத்தட்டும் தேடியவர்கள் அலைந்த இடம் அது. இனி இந்தப் பொருள்கள் வரவேண்டியது உங்களுடையதைப் போன்ற பரண்களிலிருந்துதான். விருதுநகர், தென்காசி மாவட்டங்களின் பழைய வீடுகளில் சொல்லி வையுங்கள். விற்க மனமில்லாதவர்களிடம் வற்புறுத்தாமல், பாதுகாக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவ் பல்லாயிரம் 78 சுழற்சித் தட்டுகளைச் சேர்த்தவர். அவரை எல்லாரும் நாடியது தட்டுகளின் எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை. ஒவ்வொன்றிலும் யார் பாடினார், யார் எழுதினார், எந்தப் படம் என்று அவர் அறிந்து வைத்திருந்ததற்காக. சேகரிப்பு என்பது இந்த அறிவையும் சேர்த்துத்தான்.

செண்பகத்தோப்பில் பாட வைக்கலாமா?

ஓடைக்கரையில் வேண்டாம். உங்கள் அம்மா சிறுமியாகப் போன காலத்துச் செண்பகத்தோப்புக்கு இன்று வேறு காவல் இருக்கிறது. அந்தக் காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. காட்டுக்குள் இருக்கும் காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்களும் வனத்துறையின் நேரத்துக்கும் விதிக்கும் உட்பட்டே போகிறார்கள். கிளைக்குக் கிளை தாவி வாழும் அந்த அணிலுக்கு நம் பாட்டு வெறும் இரைச்சல்தான். கிராமபோனை வைத்தால் நாளை அடுத்தவர் ஸ்பீக்கரை வைப்பார்.

அம்மாவை அங்கே அழைத்துப்போய் நடக்க முடிந்த தூரம் காட்டுங்கள். பிறகு திரும்பி வந்து உங்கள் தோப்பு வீட்டுத் திண்ணையில், மாலை வெயில் தணிந்த பின், மெல்லிய ஊசி போட்டு, நிறையப் பிரதிகள் உள்ள சாதாரணத் தட்டு ஒன்றை வையுங்கள். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். பாட்டு நடுவில் தளராமலிருக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் சாவி கொடுங்கள். இறுக்கம் கைக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அன்றைக்கே ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை யார், எந்த ஊரில், எந்த ஆண்டு வாங்கினார்? தட்டுகள் எங்கிருந்து வந்தன? யார் சாவி கொடுப்பார்? எந்தப் பாட்டை யார் கேட்டார்கள்? அக்கம்பக்கத்தார் வருவார்களா? பெண்கள் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள்? அம்மா சொல்லச் சொல்ல எழுதுங்கள், கைப்பேசியில் பதிவும் செய்யுங்கள். வில் அறுந்தால் மாற்று வில் கிடைக்கும், ரப்பர் போனால் ரப்பர் கிடைக்கும். இந்தப் பதில்களைச் சொல்லக்கூடியவர் உங்கள் அம்மா ஒருவர்தான். எனவே மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன், இசைத்தட்டைத் துடைப்பதற்கும் முன், அந்த நோட்டைத் தொடங்குங்கள். எழுதி முடித்த பிரதி ஒன்றைப் பெட்டியின் மூடிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் அதைத் திறப்பவருக்கு மோட்டாரைக் கழற்றி விற்க மனம் வராது.